41 வயதில் சமூகப் பணி முதுகலை: மலேசியாவில் உபகாரச் சம்பளம் கிடைக்குமா? வேலையை விடாமல் முடியுமா?

பிறை மல்லி:

எல்லோருக்கும் வணக்கம். அக்கா, அண்ணன்மார் யாராவது இந்த வழியில் போயிருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.

எனக்கு 41 வயது. பட்டர்வொர்த் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். 2007இல் உளவியலில் இளங்கலை முடித்தேன். பிறகு கல்யாணம், பிள்ளைகள், ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சில வருஷம், அப்புறம்தான் இந்த இல்லம். சம்பளம் 3,200 வெள்ளி. கணவருக்கு ஷிஃப்ட் வேலை. மூத்தவள் படிவம் நான்கு, சின்னவன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு.

ஏன் இப்போது படிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். போன வருஷம் எங்கள் இல்லத்துப் பெண்பிள்ளை ஒருத்தியை யாரிடம் ஒப்படைப்பது என்று ஒரு கூட்டம் நடந்தது. அவளை எனக்கு நான்கு வருஷமாகத் தெரியும். எந்த நாளில் சாப்பிட மாட்டாள், யார் பெயரைச் சொன்னால் தலையணைக்கு அடியில் கையை விட்டுக்கொள்வாள், எல்லாம் தெரியும். என்னை ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்தேன். “அவள் நல்ல பிள்ளை, பயப்படுகிறாள்” என்பதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. தெரிந்த விஷயத்தை, கேட்கிறவர்கள் எடைபோட்டுப் பார்க்கிற மாதிரி எழுதத் தெரியவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இணையத்தில் தேடினால் பள்ளியில் எஸ்.பி.எம் தேர்வு முடித்த பிள்ளைகளுக்கான உதவிதான் நிறைய வருகிறது. இல்லையென்றால் அமெரிக்கப் பட்டியல்கள். வயது வரம்பைப் பார்த்தாலே பாதியை மூடிவிட வேண்டியிருக்கிறது. என் நிலைமையில் இருக்கிற ஒருவருக்கு உண்மையில் என்னதான் இருக்கிறது? பினாங்கு, கெடா பக்கமே இருந்தால் நல்லது. வாரக்கடைசி வகுப்பு என்றால் மோட்டாரில் பாலம் தாண்டிப் போய்விடுவேன்.


செந்தூல் தம்பி:

வணக்கம் அக்கா. நான் கோலாலம்பூரில் பள்ளி ஆசிரியர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அரசாங்க ஊழியராக இருந்தால் ஹடியா லத்திஹான் பெர்செக்குத்துவான் இருக்கிறது. சம்பளத்தோடு படிப்பு விடுப்பு, முடித்தபின் இத்தனை வருஷம் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம். எங்கள் பள்ளியில் ஒருவர் அப்படித்தான் முதுகலை முடித்தார். நீங்கள் தனியார் இல்லத்தில் இருப்பதால் அது உங்களுக்கு வராது.

மைபிரெய்ன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், முதுகலையும் அதற்கு மேலும் படிப்பவர்களுக்கான அரசாங்க உதவி. முன்பு மைபிரெய்ன்15 இருந்தது, நிறுத்திவிட்டார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மைபிரெய்ன் 2.0 என்று மறுபடி அறிவித்தார்கள். உயர்கல்வி அமைச்சின் தளத்தில், விண்ணப்பம் திறந்திருக்கிறதா, எந்தத் துறைகள் பட்டியலில் இருக்கின்றன, பகுதி நேரம் சேருமா என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் வருமான வரி. முதுகலைப் படிப்புக்கு எந்தத் துறையாக இருந்தாலும் சொந்தக் கல்விச் செலவில் 7,000 வெள்ளி வரை வரிவிலக்கு கேட்கலாம். ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.


ஜெலுத்தோங் அக்கா:

மல்லி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் 44 வயதில் சேர்ந்து 47 வயதில் முடித்தவள். ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில், பகுதி நேரமாக, மூன்று வருஷம். ஜார்ஜ்டவுனில் குடும்பங்களுக்கு உதவும் ஒரு சின்ன அமைப்பில் வேலை பார்த்துக்கொண்டே படித்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

முதலில் தம்பி சொன்ன வரி விஷயம். சொன்னது சரிதான். ஆனால் மல்லிக்கு அது கைக்கு வராது. 3,200 என்றால் வருஷத்துக்கு 38,400. தனிநபர் விலக்கு 9,000, ஊழியர் சேமநிதிக்கு 4,000 கழித்தால் 25,400. அதற்கு வரி 312 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருந்தால் 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. அப்போது கட்டவேண்டிய வரி பூஜ்யம். இல்லாத வரியில் எதைக் கழிப்பது? சம்பளம் கூடினால் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி. நாற்பது வயதில் சமூகப் பணி படிக்கிற ஒருவருக்கு முழுச் செலவையும் தூக்கிக் கொடுக்கிற ஒரே உபகாரச் சம்பளத்தைத் தேடி நான் ஒரு வருஷத்தை வீணாக்கினேன். நீங்கள் அதைச் செய்யக்கூடாது. நான் படித்து முடித்தது நான்கு இடத்துக் காசில். ஊழியர் சேமநிதியிலிருந்து பெரும்பகுதி. ஓர் அறநிறுவனம் 3,000 வெள்ளி கொடுத்தது. பல்கலைக்கழகத்தின் பெண்டஹாரி (நிதி) அலுவலகத்தில் பேசி ஒவ்வொரு பருவக் கட்டணத்தையும் தவணையாக்கிக்கொண்டேன். நான்காவது காசே இல்லை. என் வேலையிடம் எனக்கு வெள்ளிக்கிழமைகளைக் கொடுத்தது. நான்கில் மிகப் பெரியது அதுதான்.

ஏன் என்றால், இந்தப் படிப்பில் கட்டணத்தைவிடக் கனமானது களப்பயிற்சி. விளம்பரத்தில் அதன் செலவைப் போடமாட்டார்கள். ஓர் அமைப்பிலோ மருத்துவமனையிலோ மேற்பார்வையாளரின் கீழ் வாரக்கணக்கில் வேலை செய்ய வேண்டும், சம்பளம் கிடையாது. அமெரிக்காவில் முதுகலைக்குக் குறைந்தது 900 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்குப் போட்டால் 112 நாளைத் தாண்டும். இங்கே பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கணக்கு வேறு. ஆனால் நம் தொழிலாளர் சட்டப்படி ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடாந்திர விடுப்பு குறைந்தது 16 நாள். அந்த 16 நாளை வைத்துக்கொண்டு எந்தக் களப்பயிற்சியையும் முடிக்க முடியாது. என்னோடு சேர்ந்த ஏழு பேரில் இரண்டு பேர் நின்றுபோனது கட்டணத்தால் இல்லை, களப்பயிற்சிக்கு விடுப்பு கிடைக்காமல்தான்.

அதனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே பல்கலைக்கழகத்தில் இதைக் கேளுங்கள்: சொந்த வேலையிடத்திலேயே களப்பயிற்சி செய்ய விடுவார்களா? சில இடங்களில் விடுவார்கள். ஆனால் வழக்கமான வேலையை அப்படியே செய்துவிட்டு அதைப் பயிற்சி என்று காட்ட முடியாது. வேறு பொறுப்பு, வேறு மேற்பார்வையாளர் வேண்டும். உங்கள் இல்லத்தில் நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்றால், பயிற்சிக் காலத்தில் குடும்பங்களோடு திரும்பச் சேர்த்துவைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். பிறகு இல்லத்து நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வாயால் “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்பார்கள். பொறுப்பாளர் மாறினால் அந்த வார்த்தையும் போய்விடும். எனக்கு ஒரு பக்கக் கடிதம் இருந்தது, அதனால்தான் தப்பித்தேன்.

சேமநிதி விஷயம். நான் எடுத்தபோது அக்கவுண்ட் இரண்டு என்று இருந்தது. 2024 மே மாதத்திலிருந்து அதற்கு அக்காவுன் செஜாத்ரா என்று பெயர். கல்விக்காகப் பணம் எடுப்பது அதிலிருந்துதான், சொந்தப் படிப்புக்கும் உண்டு. சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் வேண்டும். முன்பு மாதாமாதம் சேர்வதில் 30 விழுக்காடு அந்தப் பக்கம் போனது, இப்போது 15 மட்டும். உங்கள் சம்பளத்துக்கு நீங்கள் 11, முதலாளி 13, மொத்தம் 768 வெள்ளி. அதில் 15 விழுக்காடு என்றால் 115 வெள்ளி. ஆக, இனிமேல் சேரப்போவதை நம்பாதீர்கள். பழைய இருப்பு எவ்வளவு என்று இன்றைக்கே பாருங்கள்.

எங்கே படிப்பது என்று கேட்டால், உங்களுக்குக் கண்ணெதிரே இருப்பது யூ.எஸ்.எம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். நாட்டிலேயே முதலில் சமூகப் பணிக் கல்வி தொடங்கியது அங்கேதான், 1975இல். கெலுகோர் என்பதால் பாலத்தை விட்டு இறங்கினால் பக்கம்தான், மோட்டாருக்கு 2019லிருந்து டோலும் இல்லை. அந்தப் படிப்பை நடத்தும் புலத்துக்குப் போன் செய்து கேட்பதைவிட ஒரு நாள் விடுப்பு எடுத்து நேரில் போங்கள். முதுகலை மாணவர்களுக்கான உதவித்தொகையும் ஆய்வு உதவியாளர் வேலையும் பெரும்பாலும் முழுநேர மாணவர்களுக்குத்தான். பகுதி நேரம் என்றால் அவை உங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

அறநிறுவனங்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அது பெரிய கதை. இப்போது பேரன் எழுந்துவிட்டான்.


பிறை மல்லி:

அக்கா, ரொம்ப நன்றி. களப்பயிற்சியைப் பற்றி இவ்வளவு நாள் ஒருத்தரும் என்னிடம் சொன்னதில்லை. நான் கட்டணத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேமநிதியை இப்போதுதான் போனில் திறந்து பார்த்தேன். 2020இல் ஊரடங்கு நேரத்தில் இ-லெஸ்தாரியில் மாதம் 500 வெள்ளி எடுத்தோம், கணவருக்கு அப்போது ஓவர்டைம் நின்றுபோயிருந்தது. அது போக 11,000 சொச்சம் இருக்கிறது. மகளுக்காக அதைத் தொடாமல் வைத்திருந்தேன். அவள் எஸ்.பி.எம் முடித்து வெளியே போகும்போது கேட்பாளே என்று மனசு அடித்துக்கொள்கிறது. நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள்?

தம்பி, உங்களுக்கும் நன்றி. மைபிரெய்னைப் பார்க்கிறேன்.


புக்கிட் மெர்தாஜாம் பாலா:

மல்லி அம்மா, குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என் தங்கை இதே படிப்புக்கு வெளிநாட்டு உதவிக்காக இரண்டு வருஷம் அலைந்தாள். அந்த அமெரிக்கப் பட்டியல்களில் உங்கள் நேரம் போகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அங்கே சமூகப் பணிக் கல்விக் கழகம் நடத்திவந்த மைனாரிட்டி ஃபெலோஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும்தான். கோஸ்னெல் நினைவு உதவித்தொகை என்று ஒன்று எல்லாப் பட்டியலிலும் வரும். அது அமெரிக்கப் பழங்குடி, லத்தீன் சமூகங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு. “பெரியவர்களுக்கு, சமூகப் பணி முதுகலைக்கு” என்று தலைப்பு இருந்தாலும் நமக்கு இல்லை. அமெரிக்காவில் வெளிநாட்டுப் பெண்களுக்கென்று அவள் பார்த்தது, ஏ.ஏ.யூ.டபிள்யூ என்ற பல்கலைக்கழகப் பெண்கள் சங்கத்தின் இண்டர்நேஷனல் ஃபெலோஷிப். ஆனால் அங்கேயே போய் முழுநேரம் படிக்க வேண்டும்.

வயது வரம்பே இல்லாத பெரிய உதவி என்றால் பிரிட்டன் அரசின் செவனிங். இளங்கலைப் பட்டம், 2,800 மணி நேர வேலை அனுபவம், படித்து முடித்தபின் இரண்டு வருஷம் ஊர் திரும்பியிருக்க வேண்டும், முக்கியமானவை இவைதான். தன்னார்வ வேலையையும் மணிக்கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். என் தங்கை மாட்டிக்கொண்ட இடம் வேறு. செவனிங் ஓராண்டுப் படிப்புக்குத்தான் கொடுக்கும். இங்கிலாந்தில் சமூகப் பணியாளராகப் பதிவு பெறும் முதுகலை பெரும்பாலும் இரண்டு வருஷம். அவள் அதைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பம் முழுவதும் எழுதிவிட்டாள், அப்புறம்தான் தெரிந்தது. சமூகக் கொள்கை, சமூக மேம்பாடு மாதிரி ஓராண்டுப் படிப்பாக இருந்தால் சரி.

ஐரோப்பாவில் எராஸ்முஸ் முண்டுஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித் திட்டம் வழியாக எம்-ஃபேமிலி என்ற முதுகலை இருக்கிறது. குடும்பங்கள், குழந்தைகளோடு செய்யும் சமூகப் பணி, இரண்டு வருஷம். லிஸ்பன், கோத்தன்பர்க், ஸ்தாவாங்கர், உகாண்டாவின் மக்கரேரே என்று நாடு நாடாகப் போய்ப் படிப்பார்கள். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கட்டணமும் கிடையாது. உங்கள் வேலைக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் படிவம் நான்கில் ஒரு மகளை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் வெளியே போக முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடைசியில் என் தங்கை இங்கேயே படித்தாள்.


ஜெலுத்தோங் அக்கா:

பாலா நன்றாகச் சொன்னார். நான் அமெரிக்கப் பட்டியல் பக்கமே போகவில்லை.

மல்லி, மகளைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கும் அதே பயம்தான். என் மகன் அப்போது படிவம் ஐந்து. இளையவர்களுக்கு வாசல் நிறைய. எஸ்.பி.எம்முக்குப் பிறகு மெட்ரிகுலேஷன், பொலிடெக்னிக், பி.டி.பி.டி.என் கல்விக்கடன், நம் இந்தியப் பிள்ளைகளுக்கு உதவும் எம்.ஐ.இ.டி, மித்ரா என்று எங்கேயாவது ஒரு கதவு திறக்கும். 41 வயதில் முதுகலை படிக்கிறவளுக்கு அந்தக் கதவுகள் பெரும்பாலும் மூடித்தான் இருக்கின்றன. உங்களுக்கு நிச்சயமாகத் திறந்திருப்பது சேமநிதி ஒன்றுதான். நான் பாதியை எடுத்தேன், பாதியை அவனுக்கு விட்டேன். அவனை உட்கார வைத்து, கணக்கைக் காட்டிச் சொன்னேன். பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

சரி, அறநிறுவனங்கள். நம் ஆட்களின் அமைப்புகள், கோவில்களை ஒட்டிய அறவாரியங்கள், பெரிய கம்பெனிகளின் அறக்கட்டளைகள் எல்லாவற்றிலும் நேரில் கேட்க வேண்டும். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் வருஷா வருஷம் உயர்கல்வி உதவி கொடுக்கிறது. அறிவிப்பு வரும்போது முதுகலைக்கும் உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் போனால் பாரம் மட்டும்தான் கிடைக்கும், பேச ஆள் கிடைக்கமாட்டார்.

நான் முதலில் போன ஓர் அமைப்பில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் பாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த வயதில் எதற்கம்மா? ஒரு இளையவருக்கு விட்டுக்கொடுக்கலாமே” என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை. கீழே இறங்கி, எதிர்க்கடையில் ஒரு தே-ஓ வாங்கி ஆறவைத்துக் குடிக்காமலே வந்துவிட்டேன். மாதக்கணக்கில் அந்தக் கோபம் போகவில்லை.

பிறகு அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். முழுவதும் கஷ்டத்தைத்தான் எழுதியிருந்தேன். கணவருக்கு சர்க்கரை, வீட்டு வாடகை, சம்பளம் குறைவு. எல்லாம் உண்மைதான். ஆனால் கஷ்டத்தை வைத்துப் போட்டிபோட்டால் பதினெட்டு வயதுப் பிள்ளைதான் ஜெயிக்கும், ஜெயிக்கவும் வேண்டும். நம் கையில் அந்தப் பிள்ளையிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் விட்டிருந்தேன்.

இரண்டாவது கடிதத்தை வேறு மாதிரி தொடங்கினேன். எங்கள் அமைப்புக்கு ஒரு பையன் வந்திருந்தான், பதினொரு வயது, பிறப்புப் பத்திரமே இல்லை. அம்மா இறந்துவிட்டார், அப்பா யாரென்ற பதிவு இல்லை, பள்ளியில் பெயர் இல்லை. அவனுக்காகப் பதிவு இலாகாவுக்கு நான் எத்தனை தடவை போனேன், யார் யாரைச் சாட்சிக்குத் தேடினேன், பிரசவம் பார்த்த ஆயா உயிரோடு இருக்கிறார் என்று எந்தத் தோட்டத்து லயத்தில் போய்க் கண்டுபிடித்தேன் என்று தேதியோடு எழுதினேன். நாட்குறிப்பில் பதினான்கு பயணம் இருந்தது. அடுத்த பத்தியில், அந்தப் பதினான்கில் ஆறு எனக்கு வழிமுறை தெரியாததால் வீணானவை, இந்தப் படிப்பு எனக்கு அந்த ஆறைத் திருப்பித் தரும் என்று எழுதினேன். கட்டணம் எவ்வளவு, சேமநிதியில் எவ்வளவு வரும், எவ்வளவு குறைகிறது என்று மூன்றே வரி. குறைந்த தொகையை மட்டும் கேட்டேன்.

அதைப் படித்த இன்னோர் அமைப்பில் அதிகம் கேள்வியே கேட்கவில்லை. “பையனுக்கு ஐ.சி, அடையாள அட்டை, கிடைத்ததா?” என்றுதான் கேட்டார்கள். அப்போது இன்னும் கிடைக்கவில்லை. அப்படியே சொன்னேன். 3,000 கொடுத்தார்கள்.

உங்களிடம் அந்தப் பெண்பிள்ளை இருக்கிறாள். பெயரும் அடையாளமும் மாற்றி, அந்த இரவு இரண்டு மணியையே எழுதுங்கள். இங்கே எங்களுக்கு எழுதியிருக்கிறீர்களே, தலையணைக்கு அடியில் கையை விட்டுக்கொள்வாள் என்று, அந்த வரியில் எடைபோட நிறைய இருக்கிறது. எப்போது, எத்தனை தடவை, அதற்கு முன் என்ன பேச்சு நடந்தது என்று மூன்று வரி சேர்த்தால் அறிக்கையே ஆகிவிடும். உங்களுக்கு எழுதத் தெரியாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. 1973லிருந்து மலேசிய சமூகப் பணியாளர் சங்கம் இருக்கிறது. அதில் சேருங்கள். காசு கொடுக்கமாட்டார்கள், ஆனால் பரிந்துரைக் கடிதம் எழுதவும் களப்பயிற்சிக்கு மேற்பார்வை செய்யவும் ஆட்கள் அங்கேதான் கிடைப்பார்கள். நம் வேலைக்கென்று ஒரு தனிச் சட்டம் வேண்டும், தகுதி இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக்கூடாது என்று 2010லிருந்து பேசுகிறார்கள். கையில் பட்டம் இருப்பவருக்கு அந்தப் பேச்சில் உட்கார இடம் இருக்கும்.


கூலிம் தேவி:

நான் டிப்ளோமா மட்டும் முடித்தவள். முதியோர் இல்லத்தில் 12 வருஷம். இதைப் படித்ததும் எனக்கும் ஆசை வருகிறது. எங்களுக்கு வழி இருக்கிறதா, அக்கா?


ஜெலுத்தோங் அக்கா:

இருக்கிறது தேவி. ஏபெல் என்று கேளுங்கள். வேலை அனுபவத்தை வைத்து நுழைவுத் தகுதி கொடுக்கும் முறை, மலேசியத் தகுதி முகமையினுடையது. முதுகலை நிலைக்கு 30 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், எஸ்.டி.பி.எம் அல்லது டிப்ளோமா இருக்க வேண்டும், துறை அனுபவம் இருக்க வேண்டும். ஒரு தேர்வு, ஒரு கோப்பு, ஒரு நேர்காணல். கோப்புதான் வேலை வாங்கும். 12 வருஷத்தில் போன பயிற்சிகள், எழுதிய அறிக்கைகள், நடத்திய நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் இப்போதே ஒரு பெட்டியில் போட ஆரம்பியுங்கள். ஆனால் ஏபெல் தகுதியை நீங்கள் போகிற பல்கலைக்கழகம் அந்தப் படிப்புக்கு ஏற்குமா என்று கேட்ட பிறகே தேர்வுக்குக் காசு கட்டுங்கள்.


பிறை மல்லி:

அக்கா, இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இல்லத்துப் பொறுப்பாளரிடம் பேசினேன். முதலில் தயங்கினார். நீங்கள் சொன்னபடி குடும்பங்களோடு சேர்த்துவைக்கும் வேலையைப் பயிற்சியாக எடுத்துக்கொள்கிறேன், அதனால் இல்லத்துக்கும் நல்லது என்று சொன்னேன். வாரம் ஒரு நாள் தருகிறேன் என்றார். எழுத்தில் கேட்டேன். அடுத்த நிர்வாகக் கூட்டம் முடிந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மகளிடம் கணக்கைக் காட்டினேன். நீங்கள் செய்த மாதிரி பாதி, பாதி. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அம்மா, உங்கள் கடிதத்தை நான் டைப் பண்ணித் தரட்டுமா” என்றாள். நேற்று இரவு ஒரு பக்கம் முடித்தோம். வியாழக்கிழமை கெலுகோர் போகிறேன், புலத்தில் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

அக்கா, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பையனுக்கு ஐ.சி கிடைத்ததா?


ஜெலுத்தோங் அக்கா:

கிடைத்தது மல்லி. நான் ஆய்வேடு கொடுத்த வருஷம். இப்போது பிறையில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான்.